இரவுப் போர்நிறுத்தம் வேணுமா: ஓட்டெடுப்பை எப்படி நடத்துறது?

மேப்புழு (திரி தொடக்கம்)
ட்ராவியன் (ஊர் கட்டிப் படை அனுப்பும் இணைய ஆட்டம்) சர்வர் ஒன்றில் அடுத்த சுற்றுக்கு இரவுப் போர்நிறுத்தம் வைக்கலாமா என்று ஆட்டக்காரர்களிடம் கேட்கப் போகிறார்கள். திட்டம் இது: சர்வர் நேரம் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை வந்து சேரும் படை, சண்டை போடாமல் திரும்பிவிடும். டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் ஒரு போல் (ஓட்டெடுப்பு), பாதிக்கு மேல் வந்தால் சரி என்கிறார்கள். இது நியாயமான முறைதானா?

கோட்டைச்சுவர்
போல் சரி, டிஸ்கார்ட் வேண்டாம். அங்க யார் எதுக்குப் போட்டாங்கன்னு பேரோட தெரியும். அலையன்ஸ் (கூட்டணி) லீடர் பாத்துக்கிட்டு இருக்கும்போது எவன் எதிர்த்துப் போடுவான்? ஐஜிஎம்ல (ஆட்டத்துக்குள்ள வர்ற செய்தி) ஆளுக்கொரு தனிக் கோட் அனுப்புங்க, கூகுள் ஃபார்ம்ல அந்தக் கோடைப் போட்டுப் பதில் சொல்லட்டும். ஒரு வாரம் திறந்து வைங்க. கணக்குக்கு ஒரு ஓட்டு. போடாதவனுக்கு அக்கறை இல்லை, அவ்வளவுதான்.

பயிர்க்கணக்கு
"போடாதவனுக்கு அக்கறை இல்லை" என்ற இடத்தில்தான் எல்லா ஓட்டெடுப்பும் சறுக்குகிறது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடி பேருக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் பதில் வந்தது. ரூஸ்வெல்ட்டை எதிர்த்த லேண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார்.

நம் ஆட்டத்துக்கு ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன். சர்வரில் 1,800 பேர். பெரிய அலையன்ஸ்கள் (60 பேர் வரம்பு இருந்தாலும் விங் என்ற துணை அலையன்ஸ்களாகப் பெருத்தவை) 360, நடுத்தர அலையன்ஸ்கள் 720, சின்னவர்களும் தனியாட்களும் 720. திறந்த போலில் 450 ஓட்டு விழுகிறது. லீடர் ஒரு அறிவிப்பு போட்டால் பெரிய அலையன்ஸ் மொத்தமும் வந்து நிற்கும், அதனால் பிரிவு 270, 120, 60 என்று வைத்துக்கொள்வோம். போர்நிறுத்தம் வேண்டும் என்பவர்கள் முறையே 30%, 60%, 80%. கூட்டினால் 201 ஓட்டு, 45% கூட இல்லை, தீர்மானம் தோல்வி. ஒவ்வொரு பிரிவுக்கும் சர்வரில் இருக்கும் பங்கின்படி எடை கொடுத்தால் 62%, வெற்றி. ஆட்டக்காரர்கள் அதேதான், கருத்தும் அதேதான்.

கோட்டைச்சுவர்
அந்த எடையைப் பிரிச்சுப் பாத்தீங்களா? தனியாள் ஓட்டு ஒண்ணு மூணா எண்ணப்படுது, பெரிய அலையன்ஸ்காரன் ஓட்டு மூணில் ஒரு பங்கு. ஒருத்தன் ஓட்டுக்கு இன்னொருத்தன் ஓட்டு ஒன்பது மடங்கு! முடிவு வந்த மறுநாள் இதைச் சொல்லிப் பாருங்க, சர்வரே எரியும். அதுவும் அந்த 60 பேர் யாரு? தனியாள்கள்ல வாய் திறக்கிற ரகம். மிச்சம் 660 பேரும் அதே மாதிரி நினைக்கிறாங்கன்னு யார் சொன்னது?

பயிர்க்கணக்கு
கடைசிக் கேள்வி சரியான கேள்வி. எடை, பிரிவுகளுக்கு நடுவில் உள்ள கோணலைத்தான் நிமிர்த்தும். பிரிவுக்குள் இருக்கும் கோணலைத் தொடாது. விலையும் உண்டு: மேலே உள்ள 450 பதிலும் எடை போட்டபின் சுமார் 241 பதிலுக்குத்தான் சமம், பிழை வரம்பு (உண்மை நிலை இருபக்கமும் விலகக்கூடிய அளவு) 6 சதவீதப் புள்ளிக்கு மேல் போகும். அதனால்தான் திறந்த போலே வேண்டாம் என்கிறேன். 1,800 பேரில் குலுக்கல் முறையில் 400 பேரை எடுங்கள். அவர்களுக்கு மட்டும் கோட். மூன்றாம் நாள், ஆறாம் நாள் நினைவூட்டல். எல்லோரும் பதில் சொன்னால் பிழை 4 புள்ளி சொச்சம், பாதிப் பேர் சொன்னால் 6.5. பிழை அளவு கிட்டத்தட்ட அதேதான், ஆனால் ஆள் திரட்டிக்கொண்டு வந்து கவிழ்க்க முடியாது. எந்தப் பிரிவில் பதில் குறைகிறது என்பதும் தெரியும், அவர்களை மட்டும் துரத்தலாம்.

மேப்புழு
1,800 என்ற பட்டியல் எங்கிருந்து வரும்? தினமும் சர்வர் வெளியிடும் மேப்.எஸ்க்யூஎல் கோப்பில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆட்டக்காரர் எண், அலையன்ஸ், பாப் (மக்கள்தொகை, கட்டடம் ஏற ஏற ஏறும்) எல்லாம் இருக்கிறது. நேட்டார் (கணினியே ஆடும் இனம்) கிராமங்களைக் கழித்துவிட்டு, ஏழு நாளாகப் பாப் நகராத கணக்குகளை இன்ஆக்டிவ் என்று நீக்கினால் போதாதா?

கேட்டா_மாமா
போதாது, அநியாயமும் கூட. சுற்று முடியப்போற நேரத்துல கட்டடம் எல்லாம் முடிச்சிட்டு படை மட்டும் கட்டிக்கிட்டு இருக்கிறவனுக்குப் பாப் ஏறவே ஏறாது. கொள்ளையடிக்க ஊர் தேடுறவன் கண்ணுக்கு அவன் இன்ஆக்டிவ், போய் அடிச்சாத்தான் தெரியும் யாருன்னு. போர்நிறுத்தத்தால அதிகம் பாதிக்கப்படுற ஹேமர்காரனை, அதாவது பெரிய தாக்குதல் படை வைச்சிருக்கிறவனை, பட்டியல்லயே இல்லாம பண்றீங்க. கேட்டபுல்ட் (கட்டடம் இடிக்கிற கல்லெறி எந்திரம்) சாதா வேக சர்வர்ல மணிக்கு 3 கட்டம்தான் நகரும். 30 கட்டம் தள்ளி இருக்கிற ஊருக்குப் பத்து மணி நேரம். எப்ப இறங்கணும்னு அதுக்கேத்த மாதிரி கணக்குப் போட்டு அனுப்புறதே பாதி ஆட்டம்.

இன்னொண்ணு, கேள்வியே சரியில்லை. சர்வர் மத்திய ஐரோப்பிய நேரத்துல ஓடுதுன்னா, அந்த 12 முதல் 6 இந்திய நேரத்துக்குக் குளிர்காலத்துல அதிகாலை 4:30 முதல் 10:30. நம்ம ஆளுக்குத் தூக்கத்துல பெரும்பகுதி திறந்துதான் கிடக்கும், ஆபீஸ் கிளம்புற நேரத்துக்குப் பாதுகாப்பு! வேணுமா வேண்டாமான்னு மட்டும் கேட்டா ரெண்டு பேர் ரெண்டு அர்த்தத்துல பதில் சொல்லுவாங்க. கேள்வியிலயே மணியை எழுதுங்க, பதிலோட அவங்க நேர மண்டலத்தையும் வாங்குங்க.

கோட்டைச்சுவர்
மாமா சொல்றதுதான் நியாயம். அப்ப 4 மணி நேரம், 6 மணி நேரம், 8 மணி நேரம், வேண்டவே வேண்டாம்னு நாலு தெரிவு வைச்சிடலாம்.

பயிர்க்கணக்கு
அதைச் செய்தால் வேண்டாம் கட்சிதான் ஜெயிக்கும். நூற்றுக்கு 22, 25, 15, வேண்டாம் 38 என்று விழுந்தால், 62 பேர் ஏதோ ஒரு போர்நிறுத்தம் கேட்டும் அது கிடைக்காது. ஒத்துக்கொள்ள முடிகிற எல்லாவற்றையும் டிக் செய்யச் சொல்லுங்கள், அல்லது முதலில் வேண்டுமா, பிறகு எவ்வளவு என்று இரண்டு கேள்வியாகப் பிரியுங்கள். தெரிவுகளின் வரிசை ஆளுக்கு ஆள் மாறட்டும். கூகுள் ஃபார்மிலேயே அந்த வசதி இருக்கிறது. "கருத்து இல்லை" கண்டிப்பாக வேண்டும். "நியாயமற்ற இரவுத் தாக்குதல்" மாதிரி வார்த்தை கேள்வியில் வந்தால் அப்போதே பாதி முடிவு எழுதியாகிவிட்டது.

மேப்புழு
சிட்டர் (உரிமையாளர் இல்லாதபோது கணக்கைப் பார்த்துக்கொள்பவர்) விஷயம்? ஒரு கணக்குக்கு இரண்டு சிட்டர் இருக்கலாம், உள்ளே போனால் கோட் அவர்கள் கண்ணிலும் படும்.

கோட்டைச்சுவர்
முழுசாத் தடுக்க முடியாது. கணக்குக்கு ஒரு ஓட்டுங்கிறதால டூயலுக்கு (ஒரே கணக்கைச் சேர்ந்து ஆடுறவங்க) கவலை இல்லை. சிட்டர் போட்டா, உரிமையாளர் ரெண்டு நாளுக்குள்ள அதே கோடை வைச்சு மாத்திப் போடலாம், கடைசிப் பதில்தான் கணக்குன்னு வைங்க. ஆனா வெற்றிக்கு எத்தனை சதவீதம்னு யாரும் பேசலையே? ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்னு இன்னொரு இணைய ஆட்டத்துல புது மாற்றத்துக்கு 75% ஓட்டு வேணும்னு இருந்துச்சு, 2022-ல 70 ஆக்கினாங்க. இங்க அடிப்படை விதியையே மாத்துறீங்க, பாதி பத்தாது, 60 வைங்க.

பயிர்க்கணக்கு
60 வைக்கலாம், ஆனால் கோட் அனுப்புவதற்கு முன்பே அறிவிக்க வேண்டும். பிழை 6.5 என்றால் 62% வந்தாலும் அது 60-ஐத் தாண்டியது என்று அடித்துச் சொல்ல முடியாது. முடிவு இப்படிப் பிழை வரம்புக்குள் விழுந்தால் பழைய விதியே தொடரும் என்பதையும் சேர்த்தே எழுதிவையுங்கள்.

கேட்டா_மாமா
அந்த 400 பேரைக் குலுக்குறது யாரு? அட்மின் கையிலன்னா அவர் அலையன்ஸ் மேலதான் சந்தேகம் வரும்.

மேப்புழு
ஆட்டக்காரர் எண் வரிசையில் பட்டியலை இன்றே வெளியிடுவது, பாப் பார்த்து யாரையும் நீக்காமல். குலுக்கும் நிரலுக்குத் தொடக்கமாகக் கொடுக்கும் விதை எண், நாளை மறுநாள் மேப்.எஸ்க்யூஎல்லில் வரும் மொத்தப் பாப்பின் கடைசி நான்கு இலக்கம். யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்த்து, அதே விதையைப் போட்டு அதே 400 வருகிறதா என்று சரிபார்க்கலாம்.

கேட்டா_மாமா
கடைசி நிமிஷத்துல ஒருத்தன் ஒரு கிடங்கை ஏத்தினா மொத்தம் மாறுமே?

மேப்புழு
மாறும். ஆனால் அதே நிமிடத்தில் மற்ற ஆயிரத்துச் சொச்சம் பேர் என்ன ஏற்றுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாதே.