புதுப்பிப்பு: வால்வு இதழ்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்த கதை

போன மாதம் ஒரு உதவி கேட்டிருந்தேன். ஏவி கால்வாய்க் குறையோடு (இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை, மேலறை-கீழறை வால்வுகளும் சரியாகப் பிரிந்திருக்காது) பிறக்கும் குழந்தைகளின் இதய வால்வைக் கணினியில் மூடிப் பார்த்தால், இதழ்கள் ஒன்றையொன்று ஊடுருவிப் போகின்றன என்று. மெஷ்ஷை, அதாவது கணக்குப் போட வால்வைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்த வலையை, இன்னும் பொடியாக்கச் சொன்னீர்கள். செய்தேன், லேப்டாப் கொதித்ததுதான் மிச்சம்.

தப்பு என்னுடையதுதான். இதழ்கள் தொட்டால் தடுக்கும் விதியை ஒரு ஜோடிக்குக் கொடுக்கவே மறந்திருக்கிறேன். கொடுத்ததும் ஓரத்தோடு ஓரம் படிந்து அழகாக மூடிக்கொண்டது. வேளச்சேரியில் அப்போது இரவு இரண்டு மணி, நல்லவேளை கரண்ட் போகவில்லை.

அப்புறம் தையல். இடப்பக்க வால்வின் இதழில் இருக்கும் பிளவைத் தைத்தால் ரத்தக் கசிவு குறைகிறது. ஆனால் ஒரு தையல் கூடினாலும் திறப்பு சுருங்கிவிடுகிறது. "ரவிக்கைக் கையை ரொம்பப் பிடிச்சா கை நுழையுமாடா?" என்றார், தையல் வேலை செய்யும் அம்மா. பெரியவர்களுக்கு வால்வைச் சுற்றிப் போடும் கெட்டி வளையமும் சின்னக் குழந்தைக்கு ஆகாது, இதயம் வளருமே.

வடிவம் எடுக்க ஸ்லைசர்ஹார்ட், கணக்குக்கு ஃபெபயோ, இரண்டும் இலவச மென்பொருள்கள். இதழ்களை இழுத்துப் பிடிக்கும் நாண்கள்தான் எக்கோ ஸ்கேனில் சரியாகத் தெரிவதில்லை. இப்போதைக்கு அவற்றின் நீளம் என் ஊகம்தான்.