ஸ்பாரின் கீழ்ப்பட்டைப் போல்ட் துளையில் பார்க்க வேண்டியவை

பைப்பர் பிஏ-28 வகைப் பயிற்சி விமானங்களின் இறக்கை ஸ்பாரை, அதாவது இறக்கையின் சுமையைத் தாங்கும் நீண்ட விட்டத்தை, எடி கரண்ட் முறையில் (உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி விரிசலைக் கண்டறியும் முறை) சோதித்தபோது நான் கண்டவற்றை, இவ்வேலைக்குப் புதிதாக வரும் இளைஞர்களுக்காக எழுதுகிறேன்.

2018 ஏப்ரல் 4 அன்று புளோரிடாவின் டேட்டோனா பீச்சில் இவ்வகையைச் சேர்ந்த ஒரு பயிற்சி விமானம் ஓடுபாதையைத் தொட்டு மீண்டும் மேலேறிய சற்று நேரத்தில் அதன் இடது இறக்கை பிரிந்து விழுந்தது. உள்ளே இருந்த இருவரும் இறந்தனர். 2007இல் தயாரான அவ்விமானம் சுமார் 7,690 மணி நேரமே பறந்திருந்தாலும், 33,000க்கும் மேற்பட்ட முறை தரையிறங்கியிருந்தது. பறக்கையில் இறக்கை மேல்நோக்கி வளைவதால் ஸ்பாரின் கீழ்ப்பட்டை இழுபடுகிறது. அந்த இழுவிசை, இறக்கையை உடலோடு இணைக்கும் போல்ட் துளையின் ஓரத்தில் குவிந்து, உலோகச் சோர்வால் அங்கேதான் விரிசல் தொடங்குகிறது. இறக்கை உடலோடு சேரும் மறைவிடத்தில் இருப்பதால் அதை வெளியிலிருந்து காண முடியாது.

ஆகவே என் முதல் வேலை விமானத்தின் பறப்பு, பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கைப் படிப்பது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பின்னர் பிறப்பித்த ஆணையின்படி, நூறு மணி நேரச் சோதனைகளின் (பயிற்சிக்கோ வாடகைக்கோ பறக்கும் விமானத்துக்கு நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்பவை) எண்ணிக்கையை நூறால் பெருக்கி, எஞ்சிய பறப்பு நேரத்தை 17ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும். வரும் தொகை 5,000ஐ எட்டினால் துளைகளைச் சோதிக்க வேண்டும். கடினமாக உழைத்த விமானத்தை இக்கணக்கு சரியாகவே அடையாளம் காட்டுகிறது என்பது என் கருத்து.

இறக்கையைத் தாங்கிப் பிடித்துச் சுமையை நீக்காமல் போல்ட்டை உருவினால் துளைச் சுவரில் நீளவாக்கில் கீறல் விழும். சோர்வு விரிசலும் துளையின் நீளவாக்கிலேயே ஓடுவதால், கருவியின் திரையில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஒரு பழைய பயிற்சி விமானத்தைச் சோதித்தபோது திரையில் அப்படியொரு குறி துள்ளியது. செயற்கை வெட்டுள்ள மாதிரிக் கட்டையில் கருவியை மீண்டும் சரிபார்த்து, துளைக்குள் நுழைக்கும் உணர்முனையான புரோபை மெதுவாகச் சுழற்றியபோது, அந்தக் குறி துளையின் முன்பக்கச் சுவரில் நிலைத்து வந்தது. இழுவிசை இறக்கையின் நீளத்தில் செல்வதால், துளையின் முன்பக்கமும் பின்பக்கமும்தான் மிகுந்த இழுவிசையைத் தாங்குகின்றன. கீறலாக இருக்கலாம் என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள், அதற்கு வாய்ப்பும் இருந்தது. ஆனால் அந்த இடத்தில் வரும் குறியை விரிசலாகவே கொள்ள வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

2005 டிசம்பர் 19 அன்று மயாமியில் 1947இல் கட்டப்பட்ட கிரம்மன் மல்லார்ட் விமானம் வலது இறக்கையை இழந்து 20 பேர் இறந்ததை அப்போது அவர்களுக்கு நினைவூட்டினேன். அதில் திரும்பத் திரும்ப எரிபொருள் கசிந்தபோது சீலன்ட் பூசி அடைத்தார்களே தவிர, கசிவுக்குக் காரணமான விரிசலைச் சரியாகச் சீர்செய்யவில்லை.

எங்கள் விமானத்தை மீண்டும் பறக்க விடவில்லை. அந்த ஸ்பாரை மாற்றினோம்.