மறு: டேட்டா ஃபிடூசியரிக்கு ‘தரவுக் காப்பாளர்’ சரிவருமா?

வணக்கம்.

டேட்டா ஃபிடூசியரி என்ற சட்டச் சொல்லுக்குத் தமிழில் ‘தரவுக் காப்பாளர்’ என்று வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, பொருள்தான் இடிக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் டேட்டா ஃபிடூசியரி என்று சொல்வது, தரவை எதற்காக, எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவெடுப்பவரை. ஒரு சங்கம் ரத்தக் கொடையாளர் பட்டியலை கூகுள் ஷீட்டில் ஏற்றி வைத்திருக்கிறது. பட்டியல் கிடப்பது யாரோ ஒருவரின் சர்வரில். காப்பாளர் என்று எழுதினால் பொறுப்பு சர்வர்காரர் தலையில் விழும், சங்கம் நைசாகக் கழன்றுகொள்ளும். சட்டம் பிடிப்பதோ சங்கத்தைத்தான். (அதே பட்டியல் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருக்கும்வரை இந்தச் சட்டம் எட்டிப் பார்க்காது. எக்செலில் ஏற்றினால் உள்ளே வந்துவிடும்.)

‘தரவுப் பொறுப்பாளர்’ இன்னும் வம்பு. சங்கங்களில் பொறுப்பாளர் என்றால் தலைவர், செயலாளர், பொருளாளர். இந்தச் சொல்லைப் பார்த்த செயற்குழு என்ன செய்யும்? கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரைப் பிடித்து, “தம்பி, இனி நீதான் தரவுப் பொறுப்பாளர்” என்று சொல்லிவிட்டு அடுத்த தீர்மானத்துக்குப் போய்விடும். நான் இருந்த குழு ஒன்றில் இணையதளத்துக்கு இப்படித்தான் ஆள் பிடித்தார்கள். அந்தத் தம்பி நான்தான். ஆனால் இங்கே கடமை அமைப்பு முழுவதுக்கும். பதிவு செய்யாத குழுவும் சட்டத்தின் ‘நபர்’ வரையறைக்குள் அடங்கும். லாப நோக்கம் இல்லை என்பது மட்டுமே விலக்குக்குக் காரணமாகாது.

ஃபிடூசியரி என்ற சொல்லின் உயிர் நம்பிக்கை. அதற்குத் தமிழில் பழைய சொல் ஒன்று இருக்கிறது: கையடை. நம்பி ஒப்படைத்த பொருள். ஆகவேதான் முன்பே ‘தரவுக் கையடையர்’ என்று பரிந்துரைத்தேன். ரத்தம் தேவைப்பட்டால் அழைக்கத் தந்த எண்ணுக்கு நன்கொடை கேட்டு வாட்ஸ்அப் போனால், அது கையடையை மீறுவது. கையடை என்றால் திருப்பித் தர வேண்டுமே, தரவை எப்படித் தருவது என்று கேட்பீர்கள். அழிப்பதுதான் திருப்பித் தருவது. நோக்கம் முடிந்தாலோ, ஒப்புதலைத் திரும்பப் பெற்றாலோ, வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாதவரை, அழித்துவிட வேண்டும்.

அந்தப் பரிந்துரைக்கு நீங்கள் எழுதிய மறுப்பு:

> கையடை இன்று யாருக்குப் புரியும்? ‘கை அடையாளம்’, அதாவது கைநாட்டு என்று படிப்பார்கள். அப்புறம் ‘அர்’ விகுதி மனிதருக்கு. சங்கம் மனிதரா?

கைநாட்டுப் பயம் எனக்கும் இருந்தது, அதனால்தான் ‘கையடையாளர்’ என்று போடவில்லை. விகுதி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அமைப்பைக் குறிக்கும்போது ‘தரவுக் கையடை அமைப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

புரியுமா என்பதை அகராதியில் சோதிக்க வேண்டாம், அறிவிப்பில் சோதிப்போம். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் படிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது சட்டம். தமிழும் அதில் உண்டு. அப்படியானால் சங்கத்தின் படிவத்தில் இப்படி ஒரு வரி வரும்:

“உங்கள் பெயர், கைபேசி எண், ரத்தப் பிரிவு மூன்றையும், ரத்தம் தேவைப்படும்போது அழைப்பதற்காக மட்டும் கையடையாகப் பெறுகிறோம்.”

இதை உங்களுக்குத் தெரிந்த ஒரு சங்கச் செயலாளரிடம் வாசித்துக் காட்டிவிட்டு, அவர் எந்தச் சொல்லில் தடுக்கி நின்றார் என்று எழுதுங்கள். ‘கையடை’யில் நின்றால் நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ‘மட்டும்’ என்ற சொல்லில் நின்றால் அது வேறு கதை.