மறு: கூம்பின் ஓர வளையத்துக்குத் தமிழில் என்ன பெயர்? "விளிம்பேந்தி" என் பரிந்துரை

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டில் கிடைத்த பழைய ஹைஃபை ஒலிபெருக்கிகளை மீட்டெடுப்பது பற்றிக் கையேடு எழுதிக்கொண்டிருக்கும் நண்பர் இரண்டு உறுப்புகளுக்குப் பெயர் கேட்டிருந்தார். ஒன்று, அசைந்து ஒலி எழுப்பும் கூம்பின் வெளி ஓரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் மெல்லிய வளையம். இதைச் சரவுண்டு என்கிறார்கள். மற்றொன்று, கூம்பின் கழுத்தைச் சுற்றி, காந்தத்துக்குச் சற்று மேலே இருக்கும் அலைமடிப்புத் துணித்தட்டு. இதன் பெயர் ஸ்பைடர். வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். பெரும்பாலும் சொல் காதுக்கு இனிமையாக இருக்கிறதா என்பதையே பேசியிருக்கிறோம். கையேட்டை அருகில் விரித்து வைத்துப் பசைக் குப்பியைத் திறக்கப் போகிறவருக்கு அந்தச் சொல் எதைச் சுட்டும் என்பதைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டும். அவர் உறுப்பை மாற்றிப் புரிந்துகொண்டால், ஐம்பது ஆண்டுகள் பிழைத்திருந்த வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஒலிபெருக்கி, ஒரே மாலையில் பாழாகிவிடும்.

> பழைய ஒலிபெருக்கிகளில் இது நுரையால் ஆனது. கடையிலும் ஃபோம் என்றுதான் கேட்கிறோம். 'நுரைவளையம்' போதும்.

இந்தப் பெயர் ஏன் வாயில் ஒட்டிக்கொண்டது என்பது புரிகிறது. 1970களிலிருந்து வெளிவந்த ஏராளமான வூஃபர்களில் இந்த வளையம் பாலியூரித்தேன் நுரையால் ஆனது. நுரை காலத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடுகின்றன. 15, 20 ஆண்டுகளில் விரல் பட்டாலே பிசுபிசுத்து உதிர்கிறது. ஒருநாள்கூட இயக்காமல் மூடியே வைத்திருந்தாலும் இதே கதிதான். முன்பக்க வலைத்துணியைக் கழற்றியதும் பலர் முதலில் காண்பது கூம்பைச் சுற்றி உதிர்ந்து கிடக்கும் இந்தக் கருந்துகள்களைத்தான்.

ஆனால் எல்லா வளையமும் நுரை அல்ல. அமெரிக்காவின் ஏஆர் நிறுவனம் 1958இல் கொண்டுவந்த ஏஆர்-3 ஒலிபெருக்கியின் வூஃபரில் இருப்பது பிசின் பூசிய துணி. வேறு பலவற்றில் ரப்பர். இன்னும் சிலவற்றில் கூம்பின் காகிதமே ஓரத்தில் மடிப்பு மடிப்பாக நீண்டு வளையமாகிவிடுகிறது. இவற்றுக்கு வரும் கேடும் வேறு, மருந்தும் வேறு. துணி நுரையைப் போல உதிராது. பூச்சு காய்ந்து, துணியின் கண்கள் வழியே காற்று கசியத் தொடங்கும். அதற்கு மெல்லிய மறுபூச்சே போதும். ரப்பர் பல ஆண்டுகளில் இறுகலாம், அல்லது ஒட்டிய இடத்தில் பிரியலாம். பிரிந்த இடத்தை ஒட்டினால் வேலை முடிந்தது. "நுரைவளையத்தை வெட்டி நீக்குக" என்று படித்தவர் கையிலுள்ள துணி வளையத்தையும் வெட்டுவார். பழைய ஒலிபெருக்கிக்கு விலை சொல்ல வருபவர் பார்ப்பது உறுப்புகள் அசலா, இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒரே வகை ஜோடியா என்பதை. நன்றாக இருந்த அசல் துணியை வெட்டி, நுரையை ஒட்டிய வூஃபருக்கு அந்த மதிப்பு திரும்பக் கிடைக்காது; ஓசையும் மாறிப்போகும். எதனால் ஆனது என்பதை வைத்துப் பெயரிட்டால் இந்தத் தவறுக்கு நாமே வழிவிடுகிறோம்.

> 'விளிம்பு' என்றே சொல்லலாமே. குழந்தைக்கும் தெரிந்த சொல்.

எளிய சொல் என்பதில் ஐயமில்லை. ஆனால் "விளிம்பில் பசை தடவுக" என்று எழுதினால் எந்த விளிம்பில் தடவுவது? கூம்புக்கு ஒரு விளிம்பு, சட்டகத்துக்கு ஒரு விளிம்பு, வளையத்துக்கே உள்விளிம்பும் வெளிவிளிம்பும் உண்டு. இந்த வேலையின் நுட்பமெல்லாம் அந்த நான்குக்கும் நடுவில்தான் இருக்கிறது.

புதிய வளையத்தின் உள்விளிம்பை முதலில் கூம்போடு ஒட்டி, நன்றாகக் காயவிட வேண்டும். பிறகுதான் வெளிவிளிம்பைச் சட்டகத்தோடு ஒட்டுவது. இந்த இரண்டாம் கட்டம்தான் கண்டம். கூம்பின் கழுத்தில் சுற்றிய ஒலிச்சுருள் காந்தத்தின் இடைவெளிக்குள் ஏறி இறங்குகிறது. இரு பக்கமும் அதற்குக் கிடைக்கும் இடம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான். வளையம் சற்றுச் சாய்வாக ஒட்டிவிட்டால் சுருள் காந்தத்தில் உரசும். கூம்பை விரல்களால் மெதுவாக அமுக்கும்போது மணல் நெருடுவது போன்ற ஓசை கேட்கும். இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. கூம்பின் நடுவிலுள்ள தூசுமூடியை வெட்டி எடுத்து, சுருளுக்கும் காந்தத்தின் நடுமுனைக்கும் இடையே மெல்லிய படலத் துண்டுகளைச் சுற்றிலும் செருகி நிறுத்தலாம். தூசுமூடியைத் தொட விரும்பாதவர்கள், பசை ஈரமாக இருக்கும்போதே 20 முதல் 30 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலியைக் குறைந்த அளவில் கொடுத்து, கூம்பு மெல்ல ஆடும்போது, உரசல் மறையும் வரை வளையத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தலாம். பசை சற்று மெதுவாக இறுகுவதாக இருந்தால்தான் இதற்கு நேரம் கிடைக்கும். இந்தப் பத்தியில் வளையம் வரும் இடங்களில் எல்லாம் "விளிம்பு" என்று போட்டுப் படித்துப் பாருங்கள். எழுதியவருக்கே குழம்பும்.

சரவுண்டுக்கு வந்த மற்றொரு பரிந்துரையான 'சூழ்வளையம்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வளையம் என்றாலே சூழ்ந்துதான் இருக்கும். 'சூழொலி' என்ற சொல் சரவுண்ட் சவுண்டு என்ற வேறொரு பொருளில் ஏற்கெனவே புழங்குவதால், ஒரே கையேட்டில் இரண்டும் வந்தால் இடறும்.

> ஸ்பைடருக்குச் 'சிலந்தி' என்று நேராக வைத்துவிடலாம்.

அந்தப் பெயர் வந்த காரணம் இன்று கண்ணுக்குத் தெரிவதில்லை. 1920களின், 30களின் ஒலிபெருக்கிகளில் இந்த உறுப்பை இழைத்தகட்டிலிருந்து வெட்டினார்கள். நடுவில் துளையும் அதிலிருந்து வளைந்து நீளும் கால்களுமாக அது உண்மையாகவே சிலந்தி போல் இருந்தது. பிறகு பிசினில் தோய்த்து அலையலையாக அழுத்திய துணித்தட்டு அந்த இடத்துக்கு வந்தது. கால்கள் போய்விட்டன, பெயர் மட்டும் தங்கிவிட்டது. நாம் இப்போதுதான் பெயர் வைக்கிறோம். இல்லாத கால்களுக்கு எதற்குப் பெயர்?

சரவுண்டுக்கு 'நெகிழ்வளையம்' வலுவான போட்டி. அதை முன்வைத்த அம்மையாரின் மடல் இந்த இழையிலேயே சிறந்தது. நெகிழ்வுதான் இந்த உறுப்பின் உயிர் என்று அவர் எழுதியது முற்றிலும் சரி. எனக்குள்ள தயக்கம் ஒன்றுதான்: ஸ்பைடரும் நெகிழும் வளையமே. இரண்டும் ஒரே தொழிலின் இரு பாதிகள். கூம்பை ஓரத்திலும் கழுத்திலும் பிடித்து, நேராக முன்னும் பின்னும் மட்டும் போகவிட்டு, மீண்டும் நடுநிலைக்குக் கொண்டுவருகின்றன. பெயர்களைப் பார்த்தாலே இந்த உறவும் தெரிய வேண்டும், வேறுபாடும் தெரிய வேண்டும்.

அதற்காகத்தான் ஐயா ஒருவர் 'வெளித்தாங்கி', 'உள்தாங்கி' என்று இணையாக எழுதினார். இணையாக வைத்தது நல்ல வழி. ஆனால் 'தாங்கி' ஏற்கெனவே பேரிங்குக்குப் போய்விட்டது; பந்துத்தாங்கி, உருளைத்தாங்கி என்று பாடநூல்களில் நிலைபெற்றும்விட்டது. பொருளிலும் சிறு பிணக்கு இருக்கிறது. தூண் தாங்குகிறது, கை ஏந்துகிறது. தாங்குவது அசையாமல் நிற்கும். ஏந்துவது, ஏந்திய பொருளோடு சேர்ந்து அசையும். விளக்கை ஏந்தி நடக்கிறோம், குழந்தையை ஏந்தித் தாலாட்டுகிறோம்; அங்கெல்லாம் 'தாங்கி' என்று போட்டால் தமிழ் காது ஒப்பாது. கூம்போடு சேர்ந்து அசைந்தபடியே அதைப் பிடித்திருக்கும் உறுப்புக்கு ஏந்துதல்தான் பொருந்துகிறது.

எனவே என் பரிந்துரை: சரவுண்டு விளிம்பேந்தி, ஸ்பைடர் சுருளேந்தி. முதலாவது கூம்பின் விளிம்பை ஏந்துகிறது, இரண்டாவது ஒலிச்சுருளை ஏந்துகிறது. எதை ஏந்துகிறது என்பது பெயரிலேயே இருப்பதால் எங்கே இருக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டாம். புணர்ச்சியும் இயல்பாக அமைகிறது. புறவேந்தி, அகவேந்தி என்றும் எழுதிப் பார்த்தேன்; இடையில் 'வேந்து' தலைகாட்டிப் பொருளைத் திசைதிருப்புகிறது.

நல்ல வேர் என்றால் மேலும் சொற்கள் முளைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்த சஸ்பென்ஷன் முழுவதையும் 'ஏந்தமைப்பு' என்று சொல்லலாம். 1954இல் எட்கர் வில்ச்சர் ஏஆர்-1 ஒலிபெருக்கியில் கொண்டுவந்த அகூஸ்டிக் சஸ்பென்ஷனுக்கு இதுவரை நம்மிடம் சொல் இல்லை. கூம்பின் ஏந்தமைப்பை மிகத் தளர்வாக வைத்து, காற்று புகாத பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்துவது அதன் கருத்து. 'காற்றேந்தல்' என்றால் விளக்கமும் பெயரும் ஒன்றாகிவிடுகின்றன. நெவில் தீல் 1961இலும் ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் ஒலிபெருக்கியின் இயல்பைக் குறிக்க வகுத்த அளபுருக்களில் ஒன்று, ஏந்தமைப்பின் நெகிழ்வுக்குச் சமமான நெகிழ்வுள்ள காற்றின் கன அளவு. அதை 'ஏந்தல்நிகர்க் கன அளவு' எனலாம். கையேட்டுக்கு இது தேவையா என்று கேட்கலாம். தேவைதான். அளவு பொருந்துகிறது என்று விறைப்பான விளிம்பேந்தியை வாங்கி ஒட்டினால் வூஃபர் இயல்பாக அதிரும் ஒத்ததிர்வெண் உயர்ந்து, அடித்தொனி மெலிந்துவிடும். காற்றேந்தல் பெட்டியில் விளிம்பேந்தியில் சிறு கிழிசல் இருந்தாலும் அடைபட்ட காற்று கசிந்து, அமைப்பின் அடிப்படையே குலையும். வாசகருக்கு இதைச் சொல்லச் சொற்கள் வேண்டும்.

> எதற்கு இத்தனை பாடு? சரவுண்டு, ஸ்பைடர் என்றே எழுதுங்கள்.

வூஃபர், ட்வீட்டர் இரண்டையும் நான் அப்படியே எழுதுகிறேன், மாற்றச் சொல்லவில்லை. அவை எல்லோருக்கும் பழகியவை. ஆனால் இந்த இரண்டும் ஒலிபெருக்கியைப் பிரித்துப் பார்த்தவர்களிடம் மட்டுமே புழங்குகின்றன. முதல்முறை பிரிக்கப் போகிறவருக்குத்தான் இந்தக் கையேடு. உதிரி உறுப்பு வாங்கும்போது ஆங்கிலப் பெயர் வேண்டும் என்பதும் உண்மை. எனவே முதல் இடத்தில் "சரவுண்டு எனப்படும் விளிம்பேந்தி" என்று எழுதிவிட்டுத் தொடரலாம்.

கேட்ட மற்றவற்றுக்குச் சுருக்கமாக: வாய்ஸ் காயிலுக்குக் 'குரல்சுருள்' வேண்டாம், ஒலிச்சுருள் போதும். தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உயர்ந்த ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவருக்குப் 'பிரிப்புச்சுற்று' நன்றாக இருக்கிறது. அதிலுள்ள காயிலை மின்தூண்டி என்றே எழுதினால் ஒலிச்சுருளோடு குழம்பாது. கையேட்டின் தலைப்பில் 'புதுப்பித்தல்' என்று இருப்பதை மட்டும் மாற்றுங்கள் என்று வேண்டுகிறேன். புதுப்பிக்கச் சொன்னால் மரப்பெட்டியைத் தேய்த்துப் புதிய வார்னிஷ் பூசத் தோன்றும். பிரிப்புச்சுற்றின் மின்தேக்கிகளை அளந்துகூடப் பார்க்காமல் மாற்றத் தோன்றும். பழைய மின்பகு மின்தேக்கிகள் அளவு மாறியிருந்தால் மாற்றத்தான் வேண்டும், ஆனால் அளந்த பிறகு. 'மீட்டமைத்தல்' என்று வைத்தால் இருந்த நிலைக்குக் கொண்டுவருவது என்ற பொருள் தெளிவாக நிற்கும்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. குவிமாட ட்வீட்டரில் இந்தச் சொற்கள் செல்லுமா என்று நேற்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். செல்லும். பெரும்பாலான குவிமாட ட்வீட்டர்களில் சுருளேந்தி கிடையாது. குவிமாடத்தின் ஓரத்து மடிப்பே ஒற்றை விளிம்பேந்தியாக நின்று சுருளையும் நடுவில் வைத்திருக்கிறது. ஆனால் 1957இல் வந்த குவாட் நிறுவனத்தின் நிலைமின் ஒலிபெருக்கி போன்றவற்றுக்கு இவை பொருந்தா. அங்கே கூம்பும் இல்லை, சுருளும் இல்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய படலம் மட்டுமே உண்டு. அதற்குத் தனி இழை தொடங்கலாம். பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் உள்ள கருவி என்பதால், எச்சரிக்கை வாசகங்களின் சொற்களையும் அங்கேயே முதலில் முடிவு செய்துவிடுவோம்.