ஹார்ட் டிஸ்க் போன அன்று என்ன நடந்தது? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பொள்ளாச்சி ஸ்டூடியோ:
எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ‘டிக், டிக்’ என்று அடிப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? பல்லி கத்துவது போலவே இருக்கும், ஆனால் ஒரே சீராக. வைகாசியில் ஒரு கல்யாணம் எடுத்தேன். லேப்டாப்பில் இடம் இல்லை. படம் முழுவதையும் 2 டிபி டிஸ்க்கில் கட் பேஸ்ட் செய்துவிட்டுக் கேமரா கார்டை ஃபார்மேட் அடித்தேன். மறுநாள் வேறொரு முகூர்த்தம், அதே கார்டு. ரெண்டு நாள் கழித்து டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளில் கை பட்டு மேசை மேலேயே சாய்ந்தது. கீழேகூட விழவில்லை. அப்போது ஆரம்பித்தது அந்தச் சத்தம். பத்துப் பதினைந்து தடவை கழற்றிச் செருகிப் பார்த்தேன், வரவில்லை.

தாம்பாளத்தில் சுற்றி வந்த தாலியைப் பெண்ணின் பாட்டி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட படம் அதில் இருக்கிறது. அடுத்த மாதம் பாட்டி தவறிவிட்டார். “பேக்கப் இருக்கும்மா, கவலைப்படாதீங்க” என்று அந்த வீட்டில் சொல்லியிருந்தேன். அந்த வார்த்தைதான் இன்னும் உறுத்துகிறது. இருந்தது ஒரே பிரதி. அதைப் போய் பேக்கப் என்று நினைத்திருக்கிறேன்.

மழைக்காகம்:
எனக்குப் பென் டிரைவ். 1 டிபி என்று அட்டையில் போட்டிருந்தது, 450 ரூபாய். கம்ப்யூட்டரில் செருகினாலும் 931 ஜிபி என்று சரியாகவே காட்டியது. அப்பா பாடிய வில்லுப்பாட்டு, 90 நிமிடக் கேசட் நாற்பது. ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஏற்ற மூன்று மாதம் ஆனது. பிறகு கேசட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.

திதியன்று போடலாம் என்று திறந்தால், 34-வது கேசட்டிலிருந்து சத்தமே இல்லை. பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. உள்ளே இருந்த சிப் 32 ஜிபிதானாம். அதற்கு மேல் எழுதியதையெல்லாம் வாங்குவது போலக் காட்டிவிட்டுத் தொலைத்திருக்கிறது. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. டிரைவை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்து, உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். அதை வாங்கிய அன்றே ஓட்டியிருக்க வேண்டும்.

சர்வீஸ்மேன்:
பொள்ளாச்சி அண்ணே, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாய்ந்ததில் அடி பட்டிருக்கும், சரி. ஆனால் பதினைந்து தடவை செருகியதுதான் பெரிய கேடு. உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது. படிக்கும் ஹெட் அதைத் தொடாமல், தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. அடிபட்ட ஹெட்டை வைத்துக்கொண்டு கரண்ட் கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் தட்டில் கீறல் விழலாம். டிக் சத்தம் கேட்டால் பிடுங்கி எடுத்து வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். என்னிடம் ஒருவர் வீட்டிலேயே திருகைக் கழற்றித் தட்டைத் துணியால் துடைத்துக் கொண்டுவந்தார். தட்டில் விரல் ரேகை தெரிந்தது. நான் வாங்கவே இல்லை.

இன்னொன்று. கார்டை ஃபார்மேட் அடித்த உடனே கொண்டுவந்திருந்தால் பெரும்பாலும் மீட்டிருக்கலாம். சாதாரண ஃபார்மேட், புத்தகத்தில் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது மாதிரி, பக்கங்கள் அப்படியே இருக்கும். மேலே புதிதாக எடுத்தால்தான் அழியும். சுழலும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி அப்படி இல்லை. அழித்ததும் ட்ரிம் என்ற கட்டளை போய், அந்த இடத்தை அதுவே காலி செய்துவிடும். பிறகு மீட்பது மிகக் கடினம்.

உங்கள் தொழிலிலேயே இருக்கும் பீட்டர் க்ரோக் பரப்பிய பேக்கப் கணக்குதான் 3-2-1. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். எல்லாரும் இதை முதலில் பழகுங்கள்.

கணக்குப்பிள்ளை:
சர்வீஸ்மேன் சொல்வதை முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஆபீஸில் மூன்று பிரதி இருந்தது. மாதம் 18-ம் தேதி, 20-க்குள் ஜிஎஸ்டி தாக்கல். பையன் ஒருவன் கிராக் செய்த மென்பொருள் எதையோ இறக்கியிருக்கிறான். என் கண் முன்னால், கணக்கு எழுதும் டாலி மென்பொருளின் ஃபோல்டரில் ஐகான்கள் ஒவ்வொன்றாக வெள்ளைத் தாளாக மாறின. பிறகு ஒரு குறிப்பு: கோப்புகளைப் பூட்டிவிட்டோம், திறக்க 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் என்றால் 490. செருகியே வைத்திருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் போனது. கூடவே ஒத்திசைந்துகொண்டிருந்த கிளவுட் ஃபோல்டரிலும் பூட்டிய கோப்புகளே ஏறிவிட்டன. எண்ணிக்கை மூன்று இருந்து என்ன? ஒன்றாவது கழற்றி அலமாரியில் இருந்திருக்க வேண்டும். அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் நீங்கள். பணம் கட்டவில்லை. பில்களைப் பார்த்து ராப்பகலாக மறுபடி ஏற்றினோம்.

சர்வீஸ்மேன்:
சரி சார், அது நியாயம். எழுதும்போது விட்டுவிட்டேன்.

அம்மாபொண்ணு:
எனக்கு எதுவும் அழியவில்லை, ஆனாலும் நடுங்கிவிட்டேன். லேப்டாப்பில் மதர்போர்டு மாற்றிக் கொடுத்தார்கள். திறந்தால் நீலத் திரை, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் சாவி 48 இலக்கம் கேட்கிறது. பூட்டு போட்டிருப்பதே எனக்குத் தெரியாது, விண்டோஸ் 11 தானாகவே போட்டிருக்கிறது. உள்ளே என் பிஎச்டி. வாங்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்கியது அம்மா ஃபோனில், சாவி அந்தக் கணக்கில்தான் இருந்தது. விழுப்புரத்திலிருந்து அம்மா ஆறு ஆறு இலக்கமாக எட்டு தடவை வாசித்தாள். “மெதுவா எழுது பாப்பா, நான் எங்கேயும் போகல” என்றாள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பொள்ளாச்சி ஸ்டூடியோ:
சர்வீஸ்மேன் தம்பி, கோபம் எல்லாம் இல்லை. நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து டிஸ்க்கைச் செருகவில்லை. பஞ்சு சுற்றி டப்பாவில் வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை சென்னையில் டேட்டா மீட்கும் ஒரு லேபுக்குப் போகிறது. பெண்ணின் தம்பி ஃபோனில் எடுத்த வீடியோ ஒன்று கிடைத்தது. அதில் பாட்டியின் கையும் தாலியும் மட்டும் தெரிகின்றன, முகம் இல்லை. அந்த இடத்தில் நிறுத்திப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, சுவரில் மாட்டிவிட்டார்கள்.