அன்றைக்கு மழை பெய்ததா? வானிலை சாட்சி சொன்ன அனுபவங்கள்

பொத்தோங் பாசிர் மீனா:

எல்லாருக்கும் வணக்கம். மகள் லண்டனில் படிக்கிறாள். போன செப்டம்பரில் அவளைப் பார்க்கப் போனபோது ஒரு காலையில் ஈஸ்ட் எண்ட் பக்கம் ஹான்பரி தெருவுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். 1888இல் லண்டனில் பெண்களை வரிசையாகக் கொன்று கடைசிவரை பிடிபடாத ஜாக் தி ரிப்பர் வழக்கில் ஆனி சாப்மன் கொலையான 29ஆம் எண் வீடு அங்கேதான் இருந்தது. இப்போது வீடு இல்லை, மதுவடிசாலைக் கட்டடம் நிற்கிறது. நான் ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டியும் பல் அடித்துக்கொண்டது. மகளோ டீ-சட்டையோடு, "அம்மா, இன்னிக்குக் குளிரே இல்லையே" என்கிறாள். ஈராண்டு அங்கே இருந்தவள், அவளுக்குப் பழகிவிட்டது.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது அந்த வழக்கின் டாக்டர்தான். 1888 செப்டம்பர் 8, காலை ஆறு மணிக்குச் சற்று முன்பு வீட்டின் பின்முற்றத்தில் உடலைக் கண்டார்கள். போலிஸ் டாக்டர் ஜார்ஜ் பாக்ஸ்டர் பிலிப்ஸ் ஆறரைக்கு வந்தார். இறந்து குறைந்தது இரண்டு மணி நேரம், அநேகமாக அதற்கும் மேலே இருக்கும் என்று மரண விசாரணையில் சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால் தொல்லையில்லை. ஆனால் அது ஓரளவு குளிர்ந்த காலை, ரத்தமும் நிறையப் போய்விட்டது, அதனால் உடல் சீக்கிரம் குளிர்ந்திருக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

இந்தப் பின்குறிப்பில்தான் முழு வழக்கும் தொங்குகிறது. இரண்டு மணி நேரம் என்றால் கொலை நாலரைக்கு முன்னால். ஆனால் ஜான் ரிச்சர்ட்சன் என்பவர் நாலே முக்கால் வாக்கில் அதே முற்றத்துப் படியில் உட்கார்ந்து, காலைக் கடித்த பூட்ஸிலிருந்து ஒரு துண்டுத் தோலை அறுத்தெடுத்தார். உடல் எதையும் பார்க்கவில்லை என்றார். பக்கத்து வீட்டு ஆல்பர்ட் கடோஷ் ஐந்தரைக்குச் சற்று முன்பு வேலிக்கு அந்தப்புறம் குரலும், பிறகு வேலியில் ஏதோ மோதும் சத்தமும் கேட்டார். எலிசபெத் லாங் என்ற பெண் ஐந்தரைக்கு வாசலில் ஒரு ஆணையும் பெண்ணையும் பார்த்தார். குளிரை ஏற்றுக்கொண்டால் கொலை பிந்தியும் நடந்திருக்கலாம், மூன்று சாட்சியும் நிற்கும். ஏற்காவிட்டால் மூவரும் தவறு. "ஓரளவு குளிர்" என்பது யாருடைய கணக்கு, என்னுடையதா, என் மகளுடையதா? டாக்டரின் சாட்சியத்தில் வெப்பமானி பற்றிப் பேச்சே இல்லை.

உங்களுக்கும் இந்த மாதிரி அனுபவம் இருந்தால் எழுதுங்கள். கொலை வழக்காக இருக்கவேண்டும் என்றில்லை. மழை, வெயில், ஏர்கான் எதுவானாலும் சரி.

கேஸ்கெட் தம்பி:

அக்கா, ஏர்கான்னு நீங்களே சொல்லிட்டீங்க. நான் ஈமச்சடங்கு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். தோ பாயோவில் ஒரு வீவக வீடு, அரசாங்க அடுக்குமாடிதான். தாத்தா தூக்கத்திலேயே போய்ட்டார். காலையில் நாங்கள் போனபோது வாய்ட் டெக்கில் (புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில்) கூடாரம் போடுவதைப் பற்றிப் பேசாமல் அண்ணனும் தங்கையும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்கு அப்பா தண்ணி கேட்டார், நான்தான் கொடுத்தேன் என்று தங்கை. கையைத் தொட்டுப் பார், ஐஸா இருக்கு, ராத்திரியே போயிருக்கார், நீ தூங்கிட்டே என்று அண்ணன். சான்றிதழ் கொடுக்க வந்த டாக்டர் இரண்டு பேரையும் கவனிக்கவே இல்லை. நேராகக் கட்டில் பக்கம் போய் ரிமோட்டை எடுத்துப் பார்த்தார். 18. காற்று நேராகக் கட்டில் மேலே விழுகிற மாதிரி மெத்தை போட்டிருந்தார்கள். கையை மட்டும் தொட்டு ஒன்றும் சொல்ல முடியாது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார். தங்கை அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

எங்கள் வேலையில் இது தினம் பார்ப்பது. ஃபேன் மட்டும் ஓடுகிற அறையில் உடல் சூடு இறங்க ரொம்ப நேரம் பிடிக்கும். காரணம் லேசானது. உடம்பு 37 டிகிரி, வெளியே ராத்திரி 26. வித்தியாசம் குறைவு, அதனால் மெதுவாக இறங்கும். நம்ம சிங்கப்பூரில் பதிவான ஆகக் குறைந்த வெப்பமே 19.4, அதுவும் 1934 ஜனவரியில். லண்டனில் அதை வெயில் காலம் என்பான். இங்கே "குளிர்ந்த காலை"ங்கிறது சுவரில் மாட்டியிருக்கிற மெஷின்தான்.

இன்னொன்று. கை கால் முகம் முதலில் சில்லிடும், துணி மூடிய வயிறு கடைசியில். எந்த இடத்தைத் தொட்டார் என்று கேட்காமல் "உடல் குளிர்ந்திருந்தது" என்ற பேச்சை நம்பாதீங்க.

மீனா:

தம்பி, இதற்கு நேரெதிரும் அதே வழக்கில் உண்டு. நவம்பர் 9, மேரி கெல்லி கொலையான அறையில் அடுப்பில் கடும் தீ எரிந்திருக்கிறது. கெட்டிலின் மூக்கு உருகிப்போகிற அளவுக்கு என்று இன்ஸ்பெக்டர் அபர்லைன் சொன்னார். டாக்டர் பாண்ட் கணித்த நேரம் இரவு ஒன்று, இரண்டு. ஆனால் நாலு மணி வாக்கில் "கொலை" என்ற கூச்சல் கேட்டதாக இரண்டு பெண்கள் சாட்சி சொன்னார்கள். உள்ளே தீ, வெளியே நவம்பர் மாதம், தீ எப்போது அணைந்தது என்று யாருக்கும் தெரியாது. இந்த அறைக்கு எந்த ரிமோட்டைப் பார்ப்பது?

ஜூரோங் டாக்ஸி முத்து:

டாக்ஸிக்காரனுக்கு வானிலை அனுபவமா, கேட்கவே வேண்டாம். கிளமெண்டியில் வைப்பர் முழு வேகத்தில் ஓடும், பிடோக்கில் ரோடு காய்ந்து கிடக்கும். அப்பர் புக்கிட் தீமாவில் ஒருத்தர் பின்னால் வந்து இடித்தார். இன்சூரன்ஸுக்கு எழுதிக்கொடுக்கும்போது மழை, ரோடு வழுக்கிவிட்டது என்று சத்தியம் பண்ணினார். பொய் சொல்கிற ஆள் மாதிரியும் தெரியவில்லை. என் கேமராவைப் போட்டுப் பார்த்தால் இடித்த இடத்தில் ரோடு நரைத்த நிறத்தில் காய்ந்து இருக்கிறது. கொஞ்சம் தூரம் முன்னால், சிக்னலுக்கு அந்தப் பக்கம், வெள்ளைத் திரை போட்ட மாதிரி மழை நிற்கிறது. அவர் பார்த்தது அந்த மழையைத்தான். அதற்குள்ளே அவர் இன்னும் போகவில்லை.

மீனா:

முத்து அண்ணே, 1888 செப்டம்பர் 29 இரவிலும் இதே கதைதான். அன்று நள்ளிரவுக்கு மேல் இரண்டு பெண்கள் கொலையானார்கள். ஒரு மணிக்கு பெர்னர் தெருவில் எலிசபெத் ஸ்ட்ரைட், முக்கால் மணி நேரம் கழித்து மைட்டர் சதுக்கத்தில் கேத்தரின் எடோஸ். இரண்டு இடத்துக்கும் நடந்தே போய்விடலாம். பெர்னர் தெருவில் ரோந்து போன காவலர் வில்லியம் ஸ்மித்திடம் மழையைப் பற்றி விசாரணையில் கேட்டார்கள். தன் நினைவுக்கு எட்டியவரை பதினொரு மணிக்கு மேல் மிகக் கொஞ்சமே பெய்தது என்றார். அங்கேயே பழக்கடை வைத்திருந்த மாத்யூ பாக்கரோ, மழையால் வியாபாரம் இல்லாமல் பன்னிரண்டரைக்குக் கடையை மூடினேன் என்கிறார். மைட்டர் சதுக்கம் பக்கத்து கிளப்பில் இருந்த ஜோசப் லவெண்டே, மழை பெய்துகொண்டிருந்தது, ஒன்றரைக்குக் கிளம்ப எழுந்து ஐந்து நிமிஷம் கழித்து வெளியே வந்தோம் என்கிறார். வெளியே வந்தபோதுதான் எடோஸ் என்று பின்னால் கருதப்பட்ட பெண்ணை ஒரு ஆணோடு பார்த்தார். மழை இல்லாவிட்டால் முன்னாலேயே வீட்டுக்குப் போயிருப்பாரோ என்னவோ.

ஸ்ட்ரைட் உடலைப் பார்க்க டாக்டர் பிளாக்வெல் வந்தது ஒன்று பதினாறுக்கு. துணி மழையில் நனையவில்லை என்று தனியாகக் குறிப்பிட்டார்.

சாங்கி கடல்காற்று:

மூடுபனி எங்கே போச்சு? ஜாக் தி ரிப்பர் என்றாலே புகை மாதிரி பனியில் ஒரு தொப்பிக்காரன் நடப்பானே.

மீனா:

அது சினிமாக்காரர்கள் கொண்டுவந்தது. விசாரணையில் சாட்சிகள் பேசினது மழையும் இருட்டும்தான்.

நைட் ஷிஃப்ட் செல்வம்:

காண்டோ செக்யூரிட்டி வேலை. நனையாத துணி என்றதும் எனக்கு ஒரு லாரி ஞாபகம். விடியற்காலை சுமத்ரா காற்று (சுமத்ரா பக்கமிருந்து வரும் பலத்த காற்றும் மழையும்) அடித்து ஊற்றி ஓய்ந்தது. காலையில் ஒருத்தர் கத்துகிறார், தன் காரை அந்த லாரி ராத்திரியே உரசியிருக்கிறது என்று. டிரைவரோ ஆறு மணிக்குத்தான் வந்து நிறுத்தினேன் என்கிறார். அந்த மூலையில் சிசிடிவி இல்லை. எங்கள் சூப்பர்வைசர் மலாய்க்காரர், பேசவே மாட்டார். குனிந்து லாரிக்கு அடியில் டார்ச் அடித்தார். சுற்றிலும் தார் கறுப்பாக ஈரம், அடியில் மட்டும் லாரி அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் காய்ந்த கட்டம். ஓரங்களில் மட்டும் ஈரம் கோணலாக உள்ளே வந்திருந்தது, காற்று அடித்த பக்கத்திலிருந்து. மழைக்கு முன்னாலேயே நின்ற லாரி. டிரைவர் அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை.

உரசியது அந்த லாரிதானா என்பது வேறு விஷயம். அது எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. எப்போது வந்தது என்பது மட்டும் பொய் என்று தெரிந்தது.

கோர்ட் குமாஸ்தா:

செல்வம் சொன்ன கடைசி வரிதான் சரியான அளவு. வானிலை யாரையும் கொலைகாரன் ஆக்காது. ஒரு பேச்சை உடைக்கும், அவ்வளவுதான்.

பாக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சார்ஜன்ட் ஒயிட் விசாரித்தபோது யாரையும் பார்க்கவில்லை என்றார். பிறகு பத்திரிகைகளில் ஸ்ட்ரைட்டும் ஒரு ஆளும் தன்னிடம் திராட்சை வாங்கி, எதிரே மழையில் அரை மணி நேரம் நின்றார்கள் என்றார். அரை மணி நேரம் மழையில் நின்ற துணி நனையாதா? பிளாக்வெல்லின் ஒரு வரி போதும். தூறலாக இருந்தால் காய்ந்திருக்கலாமே என்று வாதாடலாம். தூறலுக்கு யாரும் கடையை மூடமாட்டார்கள்.

நான் பார்த்தவரை மழையைப் பற்றிய சாட்சியில் இரண்டு ரகம். மழையால் ஒரு காரியம் செய்தவர் ஒரு ரகம்: கடையை மூடினார், கிளப்பிலேயே உட்கார்ந்தார். மழை பெய்ததா என்று பிறகு யாரோ கேட்டதற்குப் பதில் சொன்னவர் இன்னொரு ரகம். முதல் ரகத்தைத்தான் நான் நம்புவேன். லவெண்டேவுக்கு மழையைக் கற்பனை செய்ய ஒரு காரணமும் இல்லை. ஸ்மித்துக்கு ரோந்து போவதுதான் வேலை, பெய்தாலும் நடக்கவேண்டும், பெய்யாவிட்டாலும் நடக்கவேண்டும். "மிகக் கொஞ்சம்" என்றது அவர் பொய் சொன்னதாக அர்த்தமில்லை. பாக்கரின் முதல் பேச்சில்கூட, மழைக்குக் கடை மூடினேன் என்ற பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடுவேன்.

ஜூரோங் டாக்ஸி முத்து:

குமாஸ்தா சார், அப்போ என் கேஸில் அந்த ஆள் பிரேக் போட்டாரே, மழையால் செய்த காரியம்தானே அது?

கோர்ட் குமாஸ்தா:

போட்டாரா? போட்டிருந்தால் உங்களை ஏன் இடித்தார்?

கேஸ்கெட் தம்பி:

😂 பழைய மழைக்கணக்கு நம்ம ஊருக்கு எங்கே கிடைக்கும்? அந்த தோ பாயோ குடும்பம் மாதிரி யாராவது கேட்டால் சொல்லலாமே.

மீனா:

சிங்கப்பூர் வானிலை ஆய்வு நிலையத்தின் இணையத்தளத்தில் பழைய பதிவுகள் இருக்கின்றன தம்பி. எந்த நிலையம், எந்த மாதம் என்று தேர்ந்தெடுத்தால் நாள்வாரியாக மழை அளவு வரும். 1978 டிசம்பர் 2ஆம் தேதி ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் கொட்டியதே, அந்த மாதிரி நாளுக்கெல்லாம் எந்தச் சாட்சியும் தேவையில்லை. தொல்லை சின்ன மழையில்தான். அன்றைக்கு 3 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். அது விடியற்காலை பெய்ததா, நீங்கள் கேட்கிற அந்தப் பத்து நிமிஷத்தில் பெய்ததா என்று நாள் கணக்கில் இருக்காது. உங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் உள்ள நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள், சாங்கியைப் பார்த்து ஜூரோங்குக்குச் சொல்லாதீர்கள்.