விறாந்தையை வெட்டிக் குழாய் மாற்றினார்கள்: இழப்பீடு எதுவரை?

உரும்பிராய் வளவு:
எங்கள் வீட்டின் பக்க விறாந்தைக்குக் கீழாக, பின்வளவில் இருக்கும் மாமியின் வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் ஒன்று செல்கிறது. அது ஒழுகுவதால் கட்டாயம் மாற்றப்பட வேண்டும் என்றும், இடம் கொடுக்காவிட்டால் இரு வீடுகளுக்கும் விநியோகம் நிறுத்தப்படும் என்றும் தண்ணீர் வழங்குவோரிடமிருந்து சென்ற ஆவணியில் அறிவித்தல் வந்தது. ஒப்பந்தகாரரின் ஆட்கள் சிவப்புச் சீமெந்து நிலத்தை ஒன்றரை அடி அகலத்தில் 22 அடி நீளத்துக்கு உடைத்து, புதிய குழாயைப் புதைத்து, மேலே சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சைப் பூசிவிட்டுப் போனார்கள். கார்த்திகை மழை இரண்டு தரம் ஓங்கிப் பெய்ததும் அந்தப் பூச்சு ஓர் அங்குலம் இறங்கியது. வெட்டப்படாத பகுதியிலும் வெடிப்புகள் ஓடின. விறாந்தை 22 அடிக்கு 9 அடி. முழு நிலத்தையும் புதிதாகப் போட்டுத்தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். சிவப்புத் தூள் கலந்து மேற்பூச்சை மட்டும் திருத்தித் தருவதாக வாய்மொழியாகப் பதில் சொன்னார்கள். நான் கேட்டது அதிகமா?

கணிய அளவையாளர்:
அதிகம்தான். வெட்டப்பட்டது 33 சதுர அடி. நீங்கள் கேட்பது 198 சதுர அடி. இழப்பீடு என்பது சேதத்துக்கு முந்திய நிலைக்கு உங்களைத் திரும்பக் கொண்டுவருவதற்கே அன்றி, பல வருடங்கள் நடந்து தேய்ந்த நிலத்துக்குப் பதிலாகப் புத்தம்புது நிலத்தைத் தருவதற்கு அன்று. அதைவிட முக்கியமான ஒரு கேள்வி உண்டு. குழாய் முதலில் வந்ததா, விறாந்தை முதலில் வந்ததா?

கந்தர்மடம்:
அளவையாளர் ஐயா சதுர அடிக் கணக்கில் நிற்கிறார். வீட்டுக்காரர் வெட்டச் சொல்லிக் கேட்கவில்லை. தண்ணீரை நிறுத்துவோம் என்ற அறிவித்தலின் பின்னர் பெறப்பட்ட சம்மதத்தைச் சம்மதம் என்று எவரும் கருத முடியாது. நடுவில் சாம்பல் கோடும் இரு பக்கமும் பழைய சிவப்பும் கிடக்கும் விறாந்தையில் வந்தவரை இருத்துவது எப்படி? சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனம் ஒன்றை 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பொதுத் தேவைக்கான வேலை என்ற சாக்கு அங்கே எடுபடவில்லையே.

கணிய அளவையாளர்:
சுன்னாகத் தீர்ப்பை இங்கே இழுப்பது பொருந்தாது. அது நிலத்தடி நீர் மாசடைந்ததற்கு எதிரான அடிப்படை உரிமை வழக்கு. இது ஒரு வளவுக்குள் நடந்த குழாய் வேலை. நான் கேட்ட கேள்விக்கும் இன்னும் விடை வரவில்லை.

உரும்பிராய் வளவு:
மறைப்பதற்கு ஒன்றுமில்லை. குழாய் எண்பதுகளில், பின்வளவை மாமிக்குச் சீதனமாகப் பிரித்துக் கொடுத்தபோது போடப்பட்டது. பக்க விறாந்தையை அப்பா 2003 இல், ஏ9 வீதி திறந்து சீமெந்து தாராளமாக வரத் தொடங்கிய பிறகு நீட்டினார். அதற்குப் பிரதேச சபையில் அனுமதி பெற்ற வரைபடம் என்னிடம் இருக்கிறது. அந்த வரைபடத்தில் குழாய் குறிக்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கணிய அளவையாளர்:
அப்படியானால் உங்கள் தந்தையார் குழாயின் மேலே கட்டியிருக்கிறார். கட்டட அனுமதி என்பது கட்டடம் விதிகளுக்கு அமைவாக இருப்பதைக் காட்டுமே தவிர, அதன் கீழே புதைந்து கிடப்பதற்கு எவரும் பொறுப்பேற்றதாகக் காட்டாது. பழுதான குழாயை வேறெந்த வழியால் எடுப்பது?

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:
நீதிமன்றப் பதிவகத்தில் நெடுங்காலம் இருந்தவன் என்ற வகையில் எழுதுகிறேன். சட்டத்தரணியின் ஆலோசனைக்கு இது ஈடாகாது. நம்முடைய நாட்டில் இவ்வகை வழக்குகள் உரோம டச்சுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சேதம் நடந்தது என்பது மட்டும் போதாது; அது கவனக்குறைவால் நடந்தது என்றும் காட்ட வேண்டும். சட்டம் அதிகாரம் கொடுத்த வேலையைக் கவனமாகச் செய்தபோதும் தவிர்க்க முடியாமல் வந்த சேதத்துக்கு, அந்தச் சட்டமே இழப்பீடு விதித்திருந்தாலன்றி, வழக்கு நிற்பது கடினம். ஆனால் வேலை செய்வதற்குக் கொடுத்த அதிகாரம், அதை ஏனோதானோ என்று செய்வதற்குக் கொடுத்த அதிகாரம் அன்று. ஆகவே இவருடைய பலம் வெட்டிய 33 சதுர அடியில் இல்லை; வெட்டாமலே வெடித்த பகுதியில்தான் இருக்கிறது. குழாயை எடுக்க நிலத்தை வெட்டியே ஆக வேண்டும். பக்கத்து நிலம் வெடித்தே ஆக வேண்டும் என்பதில்லை.

கந்தர்மடம்:
விசித்திரமாக இருக்கிறது. கண்முன்னே உடைத்ததற்குக் கேட்க முடியாது, பிறகு வெடித்ததற்குக் கேட்கலாம் என்கிறீர்கள்.

கணிய அளவையாளர்:
எழுதுவினைஞர் ஐயா சொல்வதை ஏற்கிறேன். எனக்கு எதிராகவே ஒன்றைச் சேர்க்கவும் வேண்டும். இப்படியான ஒப்பந்தங்களில் உடைத்த இடத்தை முன்பிருந்தபடி மீளச் சீரமைப்பது பெரும்பாலும் தனி உருப்படியாக விலையிடப்படும். அதற்கான பணம் ஒப்பந்தகாரருக்குக் கொடுக்கப்படும். சிவப்பு நிலத்தை உடைத்துச் சாம்பல் பூச்சைப் போட்டவர் அந்த உருப்படியை முடித்தவர் ஆகமாட்டார். எனவே அந்த 33 சதுர அடியை இழப்பீடாகக் கேட்காமல், முடிக்கப்படாத வேலையாகக் கேளுங்கள். தகவலறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம், இங்கே உதவும். விலைப்பட்டியலின் அந்தப் பக்கத்தையும், வேலையால் பிறருக்கு வரும் சேதத்துக்கான மூன்றாந்தரப்புக் காப்புறுதி எடுக்கப்பட்டதா என்ற விபரத்தையும் கேட்டு விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். முழு விறாந்தைக்கு மட்டும் நான் இன்னும் சம்மதிக்கவில்லை.

மேசனின் மகன்:
நிலத்தைப் பற்றி எவரும் பேசவில்லையே. உரும்பிராயில் மேலே செம்மண், அதன் கீழே சுண்ணாம்புக்கல். கல்லை உடைக்க பிரேக்கர் பிடித்தால் அதிர்வு நிலத்தின் அடித்தளம் வரை போகும்; அதற்கு முன் வெட்டுக்கோட்டின் இரு ஓரங்களையும் கட்டர் இயந்திரத்தால் அறுத்து, பழைய நிலத்தை வெட்டும் பகுதியிலிருந்து பிரித்துவிட வேண்டும். ஓரம் நேராக இருக்கிறதா, பல்லுப் பல்லாக இருக்கிறதா என்று பாருங்கள். பல்லாக இருந்தால் அறுக்காமலே உடைத்திருக்கிறார்கள். இரண்டாவது, தோண்டிய செம்மண்ணை அரை அடிக்கு ஒரு படையாகப் போட்டுத் தண்ணீர் தெளித்து இடிக்காமல் ஒரேயடியாகத் தள்ளி மூடினால், அது முதல் மாரியிலேயே இறங்கும். ஓர் அங்குலம் இறங்கியதே அதற்குச் சாட்சி. உள்ளே மண் விலகிய இடம் எதுவரை என்று அறிய, ஒரு நாணயத்தால் நிலத்தைத் தட்டிக்கொண்டு போங்கள். பொள்ளல் சத்தம் கேட்கும் இடமெல்லாம் சோக்கட்டியால் கோடு போட்டு, அளவு நாடாவையும் வைத்துப் படம் எடுங்கள். அவர்கள் மேற்பூச்சைத் திருத்த வருவதற்கு முன் இதைச் செய்யாவிட்டால் எல்லாம் மூடப்பட்டுவிடும்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய சிவப்பு நிலத்தில் எத்தனை வருட மெழுகும் துடைப்பும் ஊறியிருக்கும். புதிய தூளால் அதை ஒருபோதும் ஒப்பிக்க முடியாது. ஆனால் அதற்காக முழுவதையும் உடைக்கத் தேவையில்லை. பழைய வீடுகளில் இருப்பதுபோல் கறுப்புக் கரை ஒன்றை இணைப்பில் ஓடவிட்டால், இரண்டு சிவப்பும் இரண்டு பாத்தியாகத் தெரியுமே தவிர ஒட்டுப்போட்டது தெரியாது. ஐயாவின் கை அந்த வேலையில் கெட்டி. இப்போது அதைச் செய்கிறவர்கள் குறைவு.

உரும்பிராய் வளவு:
இன்று காலை நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். ஓரம் முழுவதும் பல்லுப் பல்லாகவே இருக்கிறது. கிழக்குப் பக்கத்தில் 14 அடி நீளத்துக்கு, வெட்டின் இரு பக்கமும் இரண்டிரண்டு அடி வரை பொள்ளல் கேட்கிறது; அது 56 சதுர அடி. வெட்டிய பகுதியுடன் சேர்த்தால் 89. மீதி நிலம் உறுதியாக இருக்கிறது என்பதை, மனமில்லாவிட்டாலும் ஒத்துக்கொள்கிறேன். 56 ஐ இழப்பீடாகவும், 33 ஐ முடிக்கப்படாத வேலையாகவும், கறுப்புக் கரையை இரண்டுக்கும் பொதுவாகவும் கேட்டுப் புதிய கடிதம் எழுதப் போகிறேன்.

கந்தர்மடம்:
198 கேட்டால்தான் 89 ஆவது கிடைக்கும். நீங்களே இறங்கிக் கொடுத்தால் அவர்கள் 33 இல் நிறுத்துவார்கள்.

கணிய அளவையாளர்:
படமும் அளவும் இணைத்த 89 ஐ மறுப்பதுதான் அவர்களுக்குக் கடினம். 198 ஐ மறுக்க ஒரு வரி போதும். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். வேலை முடிந்த பின் தெரியும் குறைகளை ஒப்பந்தகாரர் திருத்தித்தர வேண்டிய குறைதிருத்தக் காலம் பொதுவாக 12 மாதங்கள். அதற்குப் பிணையாக ஒப்பந்தகாரரின் கொடுப்பனவிலிருந்து பிடித்துவைக்கப்படும் நிறுத்திவைப்புப் பணத்தில் மிகுதி விடுவிக்கப்படும் முன்னர் கடிதம் போய்ச் சேர்ந்தால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:
ஒப்பந்தகாரர் தனியார் என்பதால் மத்தியஸ்த சபையில் முறையிடவும் வழி உண்டு, செலவு இல்லை. ஆனால் பேச்சுவார்த்தையிலேயே நாளைப் போக்கிவிடாதீர்கள். இழப்பு, சேதம் பற்றிய வழக்குக்கு 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் விதிக்கும் எல்லை இரண்டு வருடங்கள். அதை மழையில் வெடித்த நாளிலிருந்து எண்ணாமல், வெட்டிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது உங்களுக்குப் பாதுகாப்பு. மற்றது, வீட்டு உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது?

உரும்பிராய் வளவு:
அம்மாவின் பெயரில். அவர் கனடாவில் தங்கையுடன் இருக்கிறார். அட்டோர்னித் தத்துவம் என்னிடம் இருக்கிறது. அதன் பிரதியையும் கடிதத்துடன் இணைக்கிறேன்.